ஆடாத சாரம்

கண்ணுங்களா, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். நீங்கள் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிறீர்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஏழாவதோடு நின்றவன்தான். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். ரொம்பவும் கேட்காதீர்கள், அவள் அழுதுவிடுவாள்.

நான் தலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தபோது நீங்கள் தினமும் கேட்டீர்கள், "இன்னாப்பா ஆச்சு உனக்கு?" என்று. நானும் தினமும் "ஒன்னும் இல்ல, போய் படிங்க" என்றேன். ஒன்றும் இல்லாமல் இல்லை. நான் பயந்துபோயிருந்தேன். பெரியவர்கள் பயப்படுவதைப் பிள்ளைகளிடம் காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாததால் நீங்கள் வேறு என்னென்னமோ நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். அது பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

என் வேலை சாரம் கட்டுவது. பெயின்ட் அடிக்கிறவர்களும் பூச்சு வேலை செய்கிறவர்களும் சுவரோரமாக உயரத்தில் நிற்க வேண்டும் இல்லையா, அதற்குச் சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே கம்பு போட்டு, கயிற்றால் கட்டி, மேலே பலகை போட்டுக் கொடுப்பது. நம் பெங்களூரில் சவுக்கை சர்வே என்பார்கள். பெரிய கட்டடத்துக்கெல்லாம் இரும்புக் குழாய் வந்துவிட்டது. மூன்று மாடி, நாலு மாடி வீட்டுக்கு இன்னும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நானும் உங்கள் மாமாவும் சேர்ந்துதான் கட்டுவோம். அவன் அம்மாவுக்குத் தம்பி. எனக்குப் பிள்ளை மாதிரி, ஆனால் வாய் மட்டும் அப்பன் மாதிரி.

இத்தனை வருஷத்தில் சாரத்திலிருந்து நான் விழுந்ததே இல்லை. விழுந்தது ரோட்டில்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. கட்டடத்துக்கு, அதுதான் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் தங்குகிற விடுதிக்கு, முன்பக்கம் சாரம் கட்டி முடித்துவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ் மாறி அல்சூரில் இறங்கினால் நல்ல மழை. சாக்கடைமேல் மூடி வைத்திருக்கிற கல் பலகையில் கால் வைத்தேன். ஒரு பக்கம் அமுங்கி மறு பக்கம் தூக்கிக்கொண்டது. கையை ஊன்றக்கூட நேரம் இல்லை. பின்மண்டை அடுத்த கல்லின் விளிம்பில் பட்டது. டொக்கென்று ஒரு சத்தம். காதால் கேட்ட சத்தம் இல்லை அது, மண்டைக்குள்ளிருந்தே கேட்டது. மழைத் தண்ணீர் சூடாக இருக்கிறதே என்று நினைத்தேன். தடவிப் பார்த்தால் ரத்தம்.

ஒரு ஆட்டோக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டார். தையல் போட்டார்கள். தலையை மெஷினுக்குள் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம், வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே வரவேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது உங்கள் மாமா வாசலில் நின்றிருந்தான்.

"நாலு மாடி மேல நின்னுக்கினு பீடி பத்த வெச்ச ஆளு. அரையடி கல்லு மேலேர்ந்து உழுந்து வந்துருக்கியே மாமா. வெளிய சொல்லிடாத, தொழிலுக்கே கேவலம்."

எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்ததில் தையல் இழுத்தது. அன்றைக்கு எனக்குப் பயம் இல்லை.

பயம் மறுநாள் விடியும்போது வந்தது. கரண்ட் போயிருந்தது. புழுக்கத்தில் விழித்துக்கொண்டு, பாயில் வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். அவ்வளவுதான், வீடு கவிழ்ந்துவிட்டது. கூரை ஷீட்டு, பீரோ, சாமி படம், ஆணியில் தொங்கும் உங்கள் யூனிஃபார்ம், எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. ஓடி, திரும்பத் தொடங்கின இடத்துக்கே வந்து மறுபடி ஓடின. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுவதால்தான் எல்லாம் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் கரண்ட் இல்லாதது ஞாபகம் வந்தது. நின்றுபோன ஃபேன் என் கண்ணுக்குச் சுற்றியது.

பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தரையில் படுத்திருக்கிறவன் இதற்குமேல் எங்கே விழுவான்? ஆனாலும் விழுந்துகொண்டே இருந்தேன். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது என்கிறாள் அவள். எனக்கு அது முடிகிற மாதிரியே இல்லை.

அம்மா விழுந்தடித்துக்கொண்டு என்னை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ரத்தம் உள்ளே கசிந்துவிட்டது, நான் போய்விடுவேன் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.  ஆட்டோவில் அவள் என் விரல்களை நசுங்கிப்போகிற மாதிரி பிடித்திருந்தாள். அங்கே இருந்த டாக்டர் திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். போகும்போது, "காது டிபார்ட்மென்ட்ல ஒருவாட்டி காமிச்சுடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "அடிபட்டது மண்டையில. காதைக் காட்டச் சொல்றாங்க. நாளைக்குக் கால் டாக்டரைப் பாருன்னுவாங்க. அலைய வுடுறதே வேலை."

எனக்கும் அது சரி என்றே பட்டது. கம்பு சாய்ந்தால் கம்பைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு கேட்டைப் பார்க்க மாட்டோம். காதைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அம்மா வைத்தியத்தைக் கையில் எடுத்தாள். "பித்தம் தலைக்கு ஏறிக்கிச்சு. வெறும் வயித்துல டீ குடிக்காத, டீ குடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்." இஞ்சிச் சாறு, கறிவேப்பிலைத் துவையல், எலுமிச்சம்பழம். பழத்தைத் தலையில் தேய்த்துக் குளிக்க வைத்திருப்பாள், தையல் இருந்ததால் தப்பித்தேன். தேய்க்க முடியாததையும் சேர்த்துப் பிழிந்து குடிக்கக் கொடுத்தாள். பல் கூசியது. தலைச்சுற்றல் அப்படியே இருந்தது. படுத்தால் சுற்றும், எழுந்தால் சுற்றும், குனிந்தால், அண்ணாந்தால், வலப்பக்கம் திரும்பினால் சுற்றும். மற்ற நேரத்தில் சுற்றாது. ஆனால் கால் வைக்கிற இடமெல்லாம் பஞ்சு மூட்டைமேல் நடக்கிற மாதிரி அமுங்கும்.

நானாகவே ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். அது எங்கள் தொழில் வைத்தியம்.

சாரம் கட்ட வருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். சாரம் ஆடினால் நீ ஆடாதே. காற்றடித்தால் ஆடும். கீழே லாரி உரசினாலும் ஆடும். அப்போது ஓடக்கூடாது. கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு எதிரே இருக்கிற ஒரு முடிச்சை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சுகூடப் பெரிதாக விடாமல் நிற்க வேண்டும். ஆடின சாரம் தானாக நிற்கும். பயந்து நகர்கிறவன்தான் விழுவான். இது என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது. அதையே என் தலைக்கும் வைத்துக்கொண்டேன். அசையாமல் இருந்தால் தானாக நின்றுவிடும் என்று நம்பினேன்.

கழுத்தில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினேன். படுப்பதையே விட்டுவிட்டேன். பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். சட்டையைக் குனிந்து எடுக்க மாட்டேன், காலால் தூக்கிக் கையில் பிடிப்பேன். சின்னவனே, நீ அப்போது என்னைப் போலவே கழுத்தை விறைத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்தாய். "ரோபோ அப்பா வர்றாரு, வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று உனக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைகள் அதேபோல நடந்து வந்தார்கள். நான் சிரித்தேன். தலை அசையாமல் சிரிக்க அதற்குள் பழகிவிட்டேன்.

பெரியவளே, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் குழாயடிக்கு நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தேன் இல்லையா. பக்கத்துச் சந்துப் பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், "இன்னா நைனா, காலையிலயே ஏத்திக்கினியா? எனக்கும் ஒரு கட்டிங் வெச்சிருக்கலாம்ல?" குழாயடியே சிரித்தது. நீ குடத்தோடு நின்றிருந்தாய். நீ சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் பீரோவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். சீப்பு எடுக்கிற மாதிரி நீ என் பக்கத்தில் வந்தாய். என் முகத்துக்குக் கிட்டே குனிந்து மோந்து பார்த்தாய். பிறகு சட்டையையும் மோந்து பார்த்தாய். நான் தூங்குகிற மாதிரியே இருந்தேன். கண்ணைத் திறந்து "இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  குடித்திருந்தால்கூடத் தேவலை, காலையில் தெளிந்துவிடும் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது, தெளியவே தெளியாது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

தையல் பிரித்து ஆறின பிறகு ஒரு நாள் உங்கள் மாமா வந்தான். நான் கட்டின அதே பி.ஜி. கட்டடத்தில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல மழை பெய்து, அதன்மேல் நல்ல வெயிலும் அடித்திருந்தது. நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். அப்போது கட்டினவன் வந்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

"முடிச்சையெல்லாம் நான் ஏறிப் பாத்துக்கறேன் மாமா. நீ கீழ நின்னு சாய்வு மட்டும் பாத்துச் சொல்லு. மேல ஏற வேணாம். சும்மா நில்லு."

சாய்வு பார்ப்பது என் வேலை. கம்பின் அடியில் நின்று, கன்னத்தைக் கம்பில் வைத்து, அப்படியே அண்ணாந்து நுனி வரைக்கும் பார்ப்பேன். ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தாலும் கண் சொல்லிவிடும். மேஸ்திரிகள் தூக்குக் குண்டு, அதுதான் நூலில் தொங்குகிற இரும்புக் குண்டு, விட்டுப் பார்ப்பார்கள். நான் விட்டதில்லை. கர்வம்தான், வேறென்ன.

போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்காமல் போனேன். சாரத்தில் பெயின்டர் பையன்கள் ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். உங்கள் மாமா இரண்டாவது தட்டில் முடிச்சு பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூலைக் கம்புக்குப் போனேன். கழுத்துத் துண்டை அவிழ்த்தேன். கன்னத்தைக் கம்பில் வைத்தேன். அண்ணாந்தேன்.

சாரம் என்மேல் சாய்ந்தது.

நான் சொல்வது விளையாட்டு இல்லை. கம்பு, பலகை, வாளி, அத்தனை பையன்கள், அவர்களுக்குப் பின்னால் வானம், எல்லாமாக வலப்பக்கம் சரிந்து வந்தது. கண்ணால் பார்த்தேன். "சாரம் சாயுது! எறங்குங்க! எறங்குங்க!" என்று கத்தினேன். தமிழ் அவர்களுக்குப் புரியாதே என்று, இந்தியில் "உத்ரோ! உத்ரோ!" என்றும் கத்தினேன்.

கட்டினவன் கத்தினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒருவன் பால்கனிக்குள் தாவினான். ஒருவன் பெயின்ட் வாளியோடு உட்கார்ந்து வாளியை விட்டுவிட்டான். வெள்ளை பெயின்ட் சுவர் முழுக்க வழிந்தது. ஒருவன் கம்பைப் பிடித்து அப்படியே சறுக்கி இறங்கினான், இரண்டு உள்ளங்கையிலும் தோல் வழன்றுவிட்டது. நான் மூலைக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தேன். கண்ணுக்கு எதிரே முடிச்சு. அசையாமல் அதையே பார்த்தேன். அந்த முடிச்சும் ஓடியது.

மேலே இருந்து உங்கள் மாமாவின் குரல் கேட்டது. அவன் மட்டும் இறங்கவில்லை. "மாமா! மாமா! சாரம் நிக்குது மாமா. நீதான் ஆடுற."

சுற்றல் நின்றபோது என்னைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பி.ஜி. ஜன்னல்களில் பெண்பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்து மேஸ்திரி கிட்டே வந்து குனிந்தார். "ஏன் குரு, குடிதித்யா?" என்றார் கன்னடத்தில். என்னப்பா, குடித்திருக்கிறாயா என்று அர்த்தம். "ஊது" என்றார் தமிழில். அத்தனை பேர் முன்னால் முட்டி போட்டபடியே ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு அவர் முகம் இன்னும் குழம்பிப்போயிற்று. வாசனை வந்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. மாமா சாரம் முழுக்க ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது, வேலையைப் பாருங்கள் என்று இந்தியில் சொன்னான். ஒருவரும் ஏறவில்லை. கை வழன்றவன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினால் ஏறுவார்கள்.

"தலையாட்டு மாமா" என்றான் உங்கள் மாமா.

என்னால் ஆட்ட முடியவில்லை. ஆட்டினால் சுற்றும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. சாரம் நேராக இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. என் கண் பார்த்தது சாய்ந்ததை. எல்லோரும் சொல்கிறார்கள் நேராக இருக்கிறதென்று. நான் யாரை நம்பிச் சரி என்று சொல்வேன்? நான் சரி என்று சொல்லி, அது நிஜமாகவே ஒரு நாள் சாய்ந்தால்?

அன்றைக்கு வேலை நின்றுபோனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் மாமா கிண்டல் பண்ணவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச தூரம் வந்த பிறகு, "இனிமே நீ கீழ நின்னு கயிறு மட்டும் எடுத்துக் குடு மாமா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. இதுவரைக்கும் நான் விழுந்தால் நான் மட்டும்தான் விழுவேன் என்றிருந்தேன். இப்போது என் கண் ஒன்றைத் தப்பாகக் காட்டினால் மேலே நிற்கிற யாரோ பெற்ற பிள்ளைகள் விழுவார்கள். அந்தப் பயம்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் இஞ்சியை நசுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அதை அப்படியே தள்ளி வைத்தாள்.

"அந்த டாக்டரு காதுன்னாரே. காதையே காட்டித் தொலைப்போம்."

நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு போனோம். காது டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "எந்தப் பக்கம் திரும்பினா சுத்துது?" இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. வலப்பக்கம் என்றேன். அவர் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்னப் பெண், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். தலையணை இல்லாத உயரமான கட்டில்.

"அங்கிள், மேல ஏறிக் காலை நீட்டி உக்காருங்க. நான் உங்க தலையப் புடிச்சு வலப்பக்கம் திருப்பி, டக்குனு பின்னாடி படுக்க வெப்பேன். தலை கொஞ்சம் கட்டிலுக்கு வெளிய தொங்கும்."

"வேணாம்மா."

"ஏனூ ஆகல்ல அங்கிள். ஒன்னும் ஆகாது."

"சுத்தும்மா."

"சுத்தணும். சுத்துனாதான் எனக்குத் தெரியும். கண்ணை மட்டும் மூடிக்காதீங்க."

நான் கட்டில் கம்பியை விடவில்லை. "நான் சாரம் கட்றவம்மா. ஆடும்போது அசையக்கூடாதும்மா. அசையாமத்தான் இத்தினி நாளா காப்பாத்தி வெச்சிருக்கேன்" என்றேன். கழுத்துத் துண்டையும் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "சாரத்துக்கு அது சரி அங்கிள். காதுக்குள்ளதான் பேலன்ஸ் பாக்கிற இடம் இருக்கு. அங்க மணல் மாதிரி பொடிப் பொடியா கல்லு ஒட்டிக்கினு இருக்கும், எல்லாருக்கும். உங்களுக்கு அடிபட்டதுல அது பேந்து பக்கத்துக் குழாய்க்குள்ள போயிருச்சு. தலை அசைஞ்சா அது உருளுது, உங்களுக்கு ஊரே உருளுது. நீங்க அசையாமயே இருந்தா அது எப்படி வெளிய வரும்? அங்கயே குந்திக்கினு இருக்கும்."

"காதுக்குள்ள கல்லா?" என்றாள் அம்மா. "நான் பித்தம்னு எலுமிச்சம்பழமா புழிஞ்சு ஊத்துனேனே."

"ஜூஸ் ஒடம்புக்கு நல்லதும்மா. கல்லை எறக்காது."

பிடித்த கையை நான்தான் விட வேண்டியிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. மேலே நின்றிருந்த பையன்களையும், வழன்றுபோன அந்த உள்ளங்கையையும் நினைத்துக்கொண்டேன். விட்டேன்.

அவள் தலையைத் திருப்பிப் பின்னால் சாய்த்தாள். நாலு மாடியிலிருந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். கத்திவிட்டேன். அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன், அதன் தையல் விட்டுப்போகிற மாதிரி. விளக்கு, சுவர், அம்மா, எல்லாம் ஓடின. அந்தப் பெண் மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "ஆடுது, கண்ணு ஆடுது, இதேதான், இதேதான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். இங்கே ஒருத்தனுக்கு உயிர் போகிறது, உனக்கு என்னம்மா சந்தோஷம் என்று கேட்க நினைத்தேன்.  சுற்றல் ஓயும்வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். உடம்போடு உருட்டி, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி படுக்க வைத்தாள். மறுபடியும் ஒரு சுற்று. மறுபடி காத்திருந்தாள். எழுப்பி உட்கார வைத்தபோது யாரோ பிடித்துத் தள்ளினது மாதிரி முன்னால் சாய்ந்தேன். இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரிகள் வைத்திருக்கிற ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி ஓடும், அது நடுவில் நின்றால் தரை சமம் என்று அர்த்தம். என் தலைக்குள் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் தூசு விழுந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். தரை ஒருநாளும் சாயவில்லை.

அந்தப் பெண் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே தடவையில் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும் திரும்ப வரலாம். வந்தால் வந்து காட்டுங்கள். துண்டை அவிழ்த்துப் போடுங்கள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி நடங்கள், கால் தானாகப் பழகும். நான் சொல்லும்வரை உயரத்தில் ஏறக்கூடாது என்றாள். மறுபடி ஒரு முறை போய்ப் படுத்து, கத்தி, எழுந்து வந்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் மெதுவாகக் கத்தினேன்.

பிறகு நம் சந்தில் தலையைத் திருப்பிக்கொண்டே நடந்து பழகினேன். "ரோபோவுக்கு சாவி லூசாயிடுச்சுடா" என்றாய் சின்னவனே. குழாயடிப் பெரியவர் விடவில்லை. "இன்னா நைனா, யார் வூட்ல இன்னா கொழம்புன்னு பாத்துக்கினே போறியா?" என்றார். "உங்க வூட்லதான் ஒன்னும் வாசனையே வரலை பெரியப்பா" என்றேன். அன்றைக்குப் பெரியவள் சிரித்தாள். நான் பார்த்தேன்.

பெரியவளே, ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ கேட்டாய், "போயிடுச்சாப்பா?" என்று. ஒன்னும் இல்ல, போய் படி என்று வாய்வரை வந்தது. "பாதி" என்றேன். இப்போதும் அதேதான். படுக்கையில் சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் வலப்பக்கம் திரும்பும் முன்னால் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். கூட்டத்தில் நடக்கும்போது கை தானாகச் சுவரைத் தேடுகிறது. எந்த நேரத்தில் வீடு கவிழும் என்று உள்ளே ஒருவன் காத்துக்கொண்டே இருக்கிறான்.

தரையில் நின்று செய்கிற வேலை செய்யலாம் என்று அந்தப் பெண் சொன்ன பிறகு, அதே பி.ஜி. கட்டடத்துக்குத்தான் முதலில் போனேன். பக்கச் சுவருக்கு உங்கள் மாமா ஆள் வைத்துப் புதுச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் கட்டி முடிந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு பெயின்டர் பையன்கள் ஏற வேண்டும். கை வழன்றவனும் வந்திருந்தான், கை ஆறியிருந்தது. சாரத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். உங்கள் மாமாவும் கை கழுவப் போய்விட்டான்.

சாரத்தடியில் நான் மட்டும் இருந்தேன். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த தூக்குக் குண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கைக்கெட்டுகிற முதல் குறுக்குக் கம்பில் நூலைக் கட்டி, மூலைக் கம்பை ஒட்டி விட்டேன். குண்டு கொஞ்சம் ஆடியது. அது நிற்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கையால் கம்பைப் பிடித்து, கன்னத்தை அதில் வைத்து, அண்ணாந்தேன். நுனி கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்த மாதிரி இருந்தது.  கத்தவில்லை. கண்ணை இறக்கி நூலைப் பார்த்தேன். கம்பு நூலோடு ஒட்டி நேராக நின்றது. மறுபடி மேலே பார்த்தேன். நுனி நகரவில்லை. சுற்றி வந்து அடுத்த பக்கத்திலிருந்தும் அதேபோல நூலையும் கம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

குண்டை அவிழ்க்கவில்லை. வருகிறவர்கள் கண்ணில் படும்படி அதை அங்கேயே தொங்கவிட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன்.